கெட்டுப்போன சரக்குதான் வேலை செய்தது!

ஆபீசில் ரத்ததான முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மானேஜரே முதல் ஆளாகப் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் நீங்களும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படுக்கிறீர்கள். ஒரு ஊசி, ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு டம்ளர் ஜூஸ், மத்தியானம் பர்மிஷன். மோசமில்லை.

பத்து நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன்.

"சார், ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போறீங்களா?"

போகிறீர்கள். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொல்கிறார். கதவைச் சாத்தினாலே வயிற்றில் புளி கரைக்கும்.

"உங்க ரத்தத்துல ஹெபடைடிஸ் சி இருக்கலாம்னு டெஸ்ட் சொல்லுது. இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்."

"எனக்கா மேடம்? நேத்துகூட கிரிக்கெட் ஆடினேனே!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சின்ன வயசுல ஆபரேஷன் ஏதாவது? ரத்தம் ஏத்தினாங்களா?"

ஏற்றினார்கள். நாலு வயசில், மாடிப்படியிலிருந்து உருண்டபோது. நம் நாட்டு ரத்த வங்கிகளில் சி வைரஸுக்கான பரிசோதனை கட்டாயமானது 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் ஏற்றிய பாட்டிலில் என்ன இருந்தது என்று அந்த பாட்டிலுக்கே தெரியாது.

இந்த வைரஸ் ஊமைக் கள்ளன். காய்ச்சல், மஞ்சள் கண் என்று ஆர்ப்பாட்டமெல்லாம் அநேகமாகக் கிடையாது. தொற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் உடம்பு தானாகவே விரட்டிவிடும். மீதி எழுபது பேருக்குக் கல்லீரலில் பாய் விரித்துப் படுத்துவிடும். இருபது வருஷம், முப்பது வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலைத் தழும்பாக்கிக்கொண்டே இருந்துவிட்டு, பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் சமயத்தில் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து, அப்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும். சில பேருக்குப் புற்றுநோய்.

2010 வாக்கில் உங்களுக்கு இந்தச் செய்தி வந்திருந்தால் வைத்தியம் இதுதான்: வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரம். கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. ஊசி போட்ட ராத்திரி குளிர்ஜுரம் மாதிரி உதறும். முடி கொட்டும். ரத்தம் குறையும். மனசு இருண்டுபோகும்; தற்கொலை எண்ணம் வருகிறதா என்று டாக்டர்கள் மாசாமாசம் கேட்பார்கள். இத்தனையும் தாங்கிக்கொண்டால், வைரஸின் முதல் ரகம் பிடித்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடக் குணமாகாது.

இன்று? தினமும் இரண்டு மாத்திரை, 84 நாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். கட்டுப்பாட்டில் வைப்பது அல்ல ஸார், குணம். வைரஸ் காலி.

நடுவில் என்ன நடந்தது? பத்து லட்சம் ரசாயனங்களைச் சல்லடையில் போட்டுச் சலித்தார்கள். அதில் ஒன்று கிடைத்தது. அதுவும் கெட்டுப்போன நிலையில்.

* * *

முதலில் திருடன் யாரென்று தெரிந்தது எப்படி என்று பார்த்துவிடுவோம்.

1970-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்து ரத்த வங்கியில் ஹார்வி ஆல்டர் என்ற டாக்டர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏன் கல்லீரல் வீங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பி வைரஸுக்குப் பரிசோதனை வந்துவிட்டது. பி இருந்த ரத்தத்தையெல்லாம் ஒதுக்கினார்கள். அப்படியும் வீங்கியது. சரி, ஏ வைரஸாக இருக்கும் என்றார்கள். ஏ-வுக்கும் பரிசோதனை வந்ததும் பார்த்தால் அதுவும் இல்லை. 1975-ல் ஆல்டரும் சகாக்களும் இந்த வியாதிக்கு வைத்த பெயர்: 'ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத' ஹெபடைடிஸ். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். எந்தத் தலைப்பிலும் அடங்காத செலவை 'இதரம்' என்று எழுதி மூடி வைப்போமே, அந்த மாதிரி.

இதரக் கணக்கு பதினாலு வருஷம் மூடியே கிடந்தது. வைரஸை யாராலும் பார்க்க முடியவில்லை, வளர்க்க முடியவில்லை. சிம்பன்ஸிக் குரங்குக்குக் கொடுத்தால் அதற்கும் வரும் என்பது மட்டும் தெரியும்.

கலிபோர்னியாவில் சைரான் என்ற கம்பெனியில் மைக்கேல் ஹௌட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ மூன்று பேரும் 1982-ல் தொடங்கி ஏழு வருஷம் தேடினார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டேனியல் பிராட்லி, தொற்றிய சிம்பன்ஸியின் ரத்தத்தைத் தந்தார். அந்த ரத்தத்தில் இருந்த மரபுச் சரக்கையெல்லாம் துண்டு துண்டாக்கி பாக்டீரியாவுக்குள் புகுத்தினார்கள். ஒவ்வொரு பாக்டீரியா கூட்டமும் ஒவ்வொரு துண்டின் புரதத்தைத் தயாரிக்கும். அதில் எது நோயாளியின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருளோடு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். சுமார் பத்து லட்சம் கூட்டங்களில் ஒட்டியது ஒன்றே ஒன்று. அதற்கு 5-1-1 என்று நம்பர். 1989-ல் ஹெபடைடிஸ் சி என்று பெயர் சூட்டி அறிவித்தார்கள்.

(2020-ல் ஆல்டருக்கும் ஹௌட்டனுக்கும், பின்னால் வரப்போகும் சார்லஸ் ரைஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சூவுக்கும் குவோவுக்கும் இல்லை. ஒரு நோபலை மூன்று பேருக்கு மேல் பங்கு போட மாட்டார்கள். இதற்கு முன்பு 2013-ல் கனடாவின் கெயர்ட்னர் பரிசை, 'என் சகாக்கள் இரண்டு பேருக்கும் இல்லாத பரிசு எனக்கு வேண்டாம்' என்று ஹௌட்டன் மறுத்தார். ஒரு லட்சம் டாலர்! நம்மில் எத்தனை பேர் இன்க்ரிமென்ட்டை மறுப்போம்?)

* * *

திருடனின் ஜாதகம் கையில் வந்தது. 9,600 எழுத்துக்கள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். செல்லுக்குள் நுழைந்ததும் அது ஒரே நீளமான புரதச் சங்கிலியாகத் தயாராகும். அது பத்துத் துண்டாக வெட்டுப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை. ஒன்று கத்திரிக்கோல். ஒன்று நகலெடுக்கும் ஜெராக்ஸ் மெஷின். அந்த மெஷின் படு அவசரக் குடுக்கை. எடுத்த நகலைச் சரிபார்க்காது, தப்புத் தப்பாக அடித்துத் தள்ளும். ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் கோடி வைரஸ் தயாராவதாக 1998-ல் கணக்குப் போட்டார்கள். ஊழல் செய்திகளில் மட்டுமே நாம் பார்த்திருக்கும் எண். தப்பும் தவறுமாக இத்தனை நகல் இருந்தால் அதில் ஏதாவது ஒன்று, நீங்கள் எந்த மருந்து கொடுத்தாலும் தப்பிக்கும். இதைப் பிற்பாடு பார்ப்போம்.

ஜாதகம் இருந்தாலும் மருந்து தேட முடியவில்லை. காரணம் சின்னது, ஆனால் கழுத்தை நெரிக்கும் காரணம்: வைரஸ் சோதனைச்சாலையில் வளரவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் வைரஸ் உயிரோடு கண்ணெதிரே இருக்க வேண்டும் அல்லவா? கண்ணாடித் தட்டில் கல்லீரல் செல்களை வளர்த்து அதில் வைரஸை விட்டால் அது செத்துப்போகும், அல்லது சும்மா இருக்கும். சிம்பன்ஸியில்தான் வளரும். பத்து லட்சம் ரசாயனத்துக்குப் பத்து லட்சம் சிம்பன்ஸிக்கு எங்கே போவது?

ரைஸ், செயின்ட் லூயியில் இருந்தவர், வைரஸ் இழையின் வால் பகுதியில் விட்டுப்போயிருந்த எழுத்துக்களைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். 1997-ல் முழு இழையையும் பிழை திருத்தி அடித்து, சிம்பன்ஸியின் கல்லீரலில் செலுத்தினார். அதற்கு வியாதி வந்தது. இந்த வைரஸ் ஒன்றே போதும், வேறு கூட்டாளி தேவையில்லை என்று நிரூபணம் ஆயிற்று. ஆனால் தட்டில் விட்டால்? ஊஹூம்.

பூட்டைத் திறந்தது ஜெர்மனியில் மைன்ஸ் நகரம். ரால்ஃப் பார்டென்ஷ்லாகர், ஃபோல்கர் லோமன் என்ற இரண்டு பேர். அவர்கள் செய்த தந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ரசிக்கும்படி இருக்கும்.

வைரஸ் இழையில் வைரஸின் மேல்சட்டையைத் தைக்கும் பகுதியை வெட்டி எறிந்தார்கள். சட்டை இல்லாவிட்டால் வெளியே கிளம்ப முடியாது. பரவாது, ஆராய்ச்சிக்காரருக்கு ஆபத்தில்லை. வெட்டிய இடத்தில், ஒரு குறிப்பிட்ட விஷத்தை முறிக்கும் ஜீனைப் பொருத்தினார்கள். இந்த அரை வைரஸை, ஹூ-7 என்ற கல்லீரல் புற்றுநோய் செல்களுக்குள் புகுத்தினார்கள். பிறகு எல்லாவற்றின் மேலும் அந்த விஷத்தை ஊற்றினார்கள்.

உள்ளே போன இழை பெருகாவிட்டால் செல்லுக்கு விஷமுறிவு கிடையாது; சாகும். பெருகினால் பிழைக்கும். அதாவது இங்கே வைரஸ் பிடித்தவன்தான் உயிரோடு இருப்பான்! அத்தனை செல்களும் செத்தன, ஒரு சிலதைத் தவிர. அந்த ஒரு சிலவற்றுக்குள் அரை வைரஸ் அமோகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. 1999 ஜூலையில் 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்தது. இதற்கு ரெப்ளிக்கான் என்று பெயர்.

வைரஸ் கண்டுபிடித்துப் பத்து வருஷம் கழித்து, முதல் தடவையாக ஒரு தட்டில் அதை ஓடவிட்டு, 'இந்த மருந்து போட்டால் நிற்கிறதா?' என்று கேட்க முடிந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மாத்திரை கண்டுபிடித்தவர்களைவிட இந்தத் தட்டைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் பெரிய சால்வை. பார்டென்ஷ்லாகர், ரைஸ் இருவருக்கும் 2016-ல் லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள்; சந்தோஷம்.

* * *

இனி சல்லடை.

பெரிய மருந்துக் கம்பெனிகளிடம் ஒரு பரண் உண்டு. நம் வீட்டுப் பரண் மாதிரியேதான். ஐம்பது வருஷமாக எந்தெந்த வியாதிக்கோ தயாரித்து உதவாமல் போன ரசாயனம், வெளியில் விலைக்கு வாங்கிப் போட்டது, யாரோ ஒரு கெமிஸ்ட் ஆசைக்குச் செய்து பார்த்தது, எதையும் தூக்கி எறிய மாட்டார்கள். 'என்னிக்காவது உதவும்' என்று நம் அம்மா சொல்கிற அதே தத்துவம். ஒரே வித்தியாசம், அங்கே ஒவ்வொன்றுக்கும் நம்பர் இருக்கும், கேட்டால் கிடைக்கும்.

பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனி, கனெக்டிகட் மாகாணத்தில் வாலிங்ஃபோர்டு என்ற ஊர். அவர்கள் பரணில் பத்து லட்சத்துக்கும் மேல். இதில் எது சி வைரஸை நிறுத்தும்?

ஒரு ஆள் ஒரு நாளைக்கு 50 வீதம், வருஷத்துக்கு 300 நாள், லீவு போடாமல் பார்த்தால் 67 வருஷம் ஆகும். இரண்டு பேர் அடுத்தடுத்து சர்வீஸ் முடித்து, செண்டாஃப் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அதனால் ரோபோ. குழிப்பணியாரச் சட்டி பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி பிளாஸ்டிக் தட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் 96 குழி. கொஞ்சம் முன்னேறி 384 குழி. அதே அளவுத் தட்டில் 1,536 குழி போட்டதும் உண்டு. ஒவ்வொரு குழியிலும் ரெப்ளிக்கான் ஓடும் செல்கள். ரோபோ வந்து குழிக்கு ஒரு ரசாயனம் வீதம், கண்ணுக்குத் தெரியாத அளவு விட்டுவிட்டுப் போகும். டீ குடிக்கப் போகாது, யூனியன் கிடையாது.

சில நாள் கழித்து எந்தக் குழியில் வைரஸ் வேலை குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் புதுசாகச் சல்லடை பிடிப்பவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள். வைரஸை நிறுத்துவதற்கு மிகச் சுலபமான வழி, செல்லையே கொன்றுவிடுவது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது மாதிரி. ஃபினாயில் ஊற்றினாலும் சி வைரஸ் நிற்கும். அதை மாத்திரையாக விற்க முடியாது. இன்னும் சில ரசாயனங்கள் தானே ஒளிர்ந்தோ, ஒளியை மறைத்தோ மெஷினை ஏமாற்றும். சில தண்ணீரில் கரையாமல், ரவா உப்புமாவில் கட்டி தட்டிய மாதிரி திரண்டு, அகப்பட்ட புரதத்தையெல்லாம் சுற்றிக்கொள்ளும். 'வேலை செய்கிறது' என்று முதல் சுற்றில் கையைத் தூக்குபவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த மாதிரி போலிகள்தான்.

வாலிங்ஃபோர்டுக்காரர்கள் இதற்கு ஒரு மாட்டைக் கூட்டிவந்தார்கள்.

நிஜ மாடு அல்ல. மாடுகளுக்குப் பேதி உண்டாக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. சி வைரஸுக்குப் பங்காளி முறை, ஒரே குடும்பம். அதற்கும் ஒரு ரெப்ளிக்கான் செய்து, ஒரே குழிக்குள் சி வைரஸ் ஓடும் செல்களையும் மாட்டு வைரஸ் ஓடும் செல்களையும் கலந்து விட்டார்கள். குழிக்குக் குழி மூன்று கேள்வி. செல் உயிரோடு இருக்கிறதா? அதற்கு நிறம் மாறும் ஒரு சாயம். சி வைரஸ் குறைந்ததா? அதன் கத்திரிக்கோல் வெட்டினால் ஒளிரும் ஒரு பொருள். மாட்டு வைரஸ் நன்றாக இருக்கிறதா? அதற்கு மின்மினிப்பூச்சி வகையறா வெளிச்சச் சரக்கு. செல் சௌக்கியம், மாட்டு வைரஸ் சௌக்கியம், சி வைரஸ் மட்டும் படுத்துவிட்டது என்றால் அந்த ரசாயனத்துக்கு இன்டர்வியூ. இரண்டு வைரஸும் படுத்தால் அது பொத்தாம்பொதுவான விஷம், வெளியே போகலாம். இந்த முறையை 2005-ல் எழுதி வெளியிட்டார்கள். எளிமையான யோசனைதான். ஆனால் எத்தனை ஆயிரம் போலிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். மற்றக் கம்பெனிகள் கத்திரிக்கோலையும் ஜெராக்ஸ் மெஷினையும் குறி வைத்தன. அவை என்ன வேலை செய்கின்றன என்று தெரியும், அதை நிறுத்தும் மருந்தை டெஸ்ட் டியூபிலேயே தேடலாம். இந்தக் கூட்டமோ எதைக் குறி வைக்கிறோம் என்றே சொல்லவில்லை. 'வைரஸ் நிற்க வேண்டும். எந்த இடத்தில் அடித்து நிறுத்துகிறாய் என்பது உன் இஷ்டம்' என்று ரசாயனங்களிடம் விட்டுவிட்டார்கள்.

* * *

போலிகள் போக மிச்சம் நின்றவற்றில் ஒன்றுக்கு பி.எம்.எஸ்-858 என்று நம்பர். பெரிய பயில்வான் ஒன்றுமில்லை, சுமாராக வேலை செய்தது. எந்த இடத்தில் அடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. மருந்தைப் போட்டுக்கொண்டே இருப்பது. முன்னே சொன்னேனே, தப்புத் தப்பாக நகலெடுக்கும் மெஷின்? அதில் ஏதோ ஒரு நகல் தப்பிப் பிழைக்கும். தப்பியவனைப் பிடித்து, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று படித்தால் அடி விழும் இடம் தெரிந்துவிடும். மாறுவேஷத்தில் மீசையை மட்டும் எடுத்திருந்தால், போலீஸ் தேடியது மீசையை வைத்துத்தான் என்று தெரிகிற மாதிரி.

படித்துப் பார்த்தார்கள். மாற்றம் இருந்த இடம் என்.எஸ்.5ஏ என்ற புரதம்.

ஆச்சரியம்! அந்தப் பத்துத் துண்டில் எதற்கென்றே சரியாகப் புரியாத துண்டு அது. வெட்டாது, ஒட்டாது, நகலெடுக்காது. சில ஆபீஸில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் லீவு போட்ட அன்றைக்கு ஒரு பில்லும் பாஸாகாது. அந்தப் புரதம் அவர்தான். வேலையே தெரியாததால் அதற்கு எதிராக டெஸ்ட் டியூபில் மருந்து தேட யாராலும் முடிந்திருக்காது.

கெமிஸ்ட்டுகள் 858-ஐ இங்கே தட்டி அங்கே நிமிர்த்தி, 824 என்று இன்னும் பலமான ஒன்றைச் செய்தார்கள். அதோடு தலைவலி தொடங்கியது. கணக்கு உதைத்தது. ஒரு அணுவை மாற்றினால் பலம் கூட வேண்டிய இடத்தில் குறைந்தது, குறைய வேண்டிய இடத்தில் கூடியது.

கடைசியில் 824-ஐச் செல்களுக்கு ஊற்றும் திரவத்தில் சில மணி நேரம் ஊறப்போட்டு, பிறகு அந்தக் கலவையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வைரஸ் மேல் விட்டுப் பார்த்தார்கள். அசல் 824 இருந்த பகுதி பெரிசாக ஒன்றும் செய்யவில்லை. வைரஸைச் சாய்த்தது வேறொரு பகுதி. அதில் இருந்தது என்னவென்றால், 824 அந்தத் திரவத்தில் கெட்டுப்போய், ஒன்றோடு ஒன்று முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்ட இரட்டைப் பிறவி!

மாவு புளித்ததால்தான் தோசை ருசி என்பது நமக்குத் தெரியும். இத்தனை நாள் வேலை செய்துகொண்டிருந்தது பாட்டிலில் எழுதியிருந்த மருந்தே இல்லை; அது கெட்டு உண்டான கசடு. வேறு யாராவதாக இருந்தால் 'சரக்கு சுத்தமில்லை' என்று சாக்கடையில் ஊற்றிவிட்டு அடுத்த நம்பருக்குப் போயிருப்பார்கள். போக வேண்டும் என்றுதான் பாடப்புத்தகமும் சொல்கிறது. சலித்தெடுப்பதில் கெட்டுப்போன சரக்கு என்றால் கழித்துக் கட்டு என்பது முதல் விதி.

இவர்கள் ஊற்றவில்லை. அந்த வைராலஜிஸ்ட்டுகளின் தலைவர்களில் மின் காவோ ஒருவர், கெமிஸ்ட்டுகள் பக்கம் நிக்கோலஸ் மீன்வெல். இரட்டைப் பிறவிதான் நிஜ மருந்து என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மூலக்கூறையே நேரடியாகச் செய்துவிடலாமே என்று செய்தார்கள். தாமரை வடையை நடுவில் மடித்த மாதிரி, இந்தப் பாதியும் அந்தப் பாதியும் அச்சு அசல். இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு குறிப்பும் கிடைத்தது: என்.எஸ்.5ஏ புரதமும் ஜோடி சேர்ந்தே இருக்கிறது என்பதை ரைஸின் கூட்டம் 2005-ல் படம் பிடித்துக் காட்டியிருந்தது. ஜோடிக்கு ஜோடி.

கடைசியில் வந்ததுதான் டக்ளாடஸ்விர். அதன் வீரியத்தைச் சொல்ல ஒரு கணக்கு. சோதனைத் தட்டில் வைரஸ் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்பட்ட அளவைப் பார்த்தால், ஒரே ஒரு கிராம் மருந்து 15 கோடி லிட்டர் தண்ணீருக்குப் போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பன்னிரண்டாயிரத்து ஐநூறு வரிசையாக நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை. 2010-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டபோது மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததும் இருந்தது. 100 மில்லிகிராம், ஒரே வேளை. மறுநாள் சராசரியாக வைரஸ் இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

* * *

இங்கே வாசகர்களில் ஒருவராவது கேட்பார்: "ஏன் ஸார் இவ்வளவு சிரமம்? நம்ம கீழாநெல்லி இல்லையா?"

நியாயமான கேள்வி. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லி கொடுத்து, பி வைரஸ் நோயாளிகள் பலருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்ததாக 'லான்செட்' பத்திரிகையிலேயே எழுதினார்கள். பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளும்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் ஒருவர். ஆனால் பிற்பாடு வேறு ஊர்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் அது பி. நாம் பேசுவது சி. சல்லடைக்கு இலை, வேர், மாத்திரை என்ற பாரபட்சம் கிடையாது. எது நின்றாலும் எடுத்துக்கொள்ளும்.

சரி, ஒரு மருந்து போதாதா? போதாது. டக்ளாடஸ்விரைத் தனியாகக் கொடுத்தால் அந்தப் புரதத்தில் 93-வது இடத்தில் ஒரு மாற்றம், வைரஸ் தப்பித்துவிடும். அதனால் வேறொரு இடத்தில் அடிக்கும் கூட்டாளி தேவை. அந்தக் கூட்டாளி சோஃபோஸ்புவிர். ஃபார்மாசெட் என்ற சின்னக் கம்பெனியில் மைக்கேல் சோஃபியா குழு 2007-ல் செய்தது. இது சலித்தெடுத்ததல்ல, திட்டம் போட்டுச் செதுக்கியது. ஜெராக்ஸ் மெஷின் எழுத்துக் கோக்கும்போது நடுவில் போலி எழுத்து ஒன்று புகுந்து மெஷினையே ஜாம் பண்ணும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2014-ல் வந்தது. புதிதாக மருந்து எடுத்த முதல் ரகத்து நோயாளிகள் 126 பேர். குணமானவர்கள் நூற்றுக்கு 98.

அதற்குள் கில்லியட் என்ற பெரிய கம்பெனி, ஃபார்மாசெட்டைச் சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து வாங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரனின் மாத்திரையோடு நம் மாத்திரையை ஏன் சேர்க்க வேண்டும் என்று தனக்கென ஒரு ஜோடியை அது தயாரித்துக்கொண்டது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது சோஃபோஸ்புவிர் விலை என்ன தெரியுமா? ஒரு மாத்திரை 1,000 டாலர். அன்றைய கணக்கில் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல். 84 மாத்திரைக்கு 84,000 டாலர். தயாரிப்புச் செலவு 84 நாளைக்கும் சேர்த்து 68-லிருந்து 136 டாலருக்குள்தான் இருக்கும் என்று லிவர்பூலைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹில் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆராய்ச்சிச் செலவு, தோற்றுப்போன மருந்துகளின் செலவு என்று கம்பெனிகள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் வாய் பிளந்தது பிளந்ததுதான்.

நம் ஊரில் கதை வேறு மாதிரி போயிற்று. 2014-ல் இந்தியக் கம்பெனிகளுக்குத் தயாரிக்க லைசென்ஸ் கிடைத்தது. 2015 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாட்கோ, 28 மாத்திரை கொண்ட பாட்டிலை 19,900 ரூபாய்க்கு இறக்கியது. போட்டியில் விலை இன்னும் சரிந்தது. அதே 2015-ல் டக்ளாடஸ்விரை 112 நாடுகளுக்கு மலிவாகத் தயாரித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை: அமெரிக்கச் சந்தையில் புது ஜோடிகளின் போட்டி தாங்காமல் 2019-ல் டக்ளாடஸ்விர் வாபஸ். பிறந்த ஊரில் விலை போகாத மாத்திரை, ஏழை நாடுகளில் கோலோச்ச ஆரம்பித்தது. 2018 ஜூலை 28-ல், ப்ளும்பெர்க்கின் பிறந்த நாள் அது, மத்திய அரசு தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தைத் தொடங்கியது. அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

இத்தனைக்கும் பிறகு, 2022 கணக்குப்படி உலகத்தில் ஐந்து கோடிப் பேருக்கு சி இருக்கிறது. இந்தியாவில் 55 லட்சம். உலக அளவில் மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் மேல்தான் தனக்கு இருப்பதே தெரியும். பத்து லட்சம் ரசாயனத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒளிந்திருக்கும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. பழைய காலத்தில் ரத்தம் ஏற்றியவர்கள், திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டவர்கள், கண்ட ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது தேவலை. ஒரே டம்ளரில் காபி குடித்தால் வராது, கட்டிப்பிடித்தால் வராது. சலூனில் பிளேடை மாற்றச் சொல்லக் கூச்சப்பட்டால் வரலாம்.

மறுபடி உங்கள் கதை. இரண்டாவது டெஸ்ட்டும் 'ஆமாம்' என்றுவிட்டது. கல்லீரலில் தழும்பு இல்லை, நல்ல வேளை. பி வைரஸ் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஏனென்றால் சி போகும்போது பி விழித்துக்கொள்வது உண்டு. 84 நாள் மாத்திரை.

"வேற எது சாப்பிடறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான். லேகியம், கஷாயம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன்."

"சரி மேடம்."

"மாத்திரை முடிஞ்சு பன்னிரண்டு வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட். அதுல வைரஸ் இல்லைன்னா இல்லைதான்."

வீட்டில் அம்மா பதறிப்போய் எண்ணெய், காரம், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். டாக்டரம்மா அப்படியெல்லாம் சொல்லவில்லை என்றால் கேட்டால்தானே? 84 நாளும் மோர் சாதம், வேகவைத்த புடலங்காய். ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட் வருகிறது: வைரஸ் கண்டறியப்படவில்லை.

அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது.

"எல்லாம் பத்தியச் சாப்பாட்டு மகிமை மாமி. மாத்திரை சும்மா பேருக்கு."

ரெப்ளிக்கான், மாட்டு வைரஸ், இரட்டைப் பிறவி எல்லாவற்றையும் அவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் அன்றைக்குத்தான் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடுப்பில் வாணலி ஏறியிருந்தது. அப்பளம் பொரிகிற வாசனை வந்தது.